அப்பா வாய் திறக்க மாட்டார்

அன்பு மகனுக்கு,

நாங்கள் சுகம், நீயும் சுகமாக இருக்க வேண்டும் என்று எழுதித் தொடங்குவதுதான் என் வழக்கம். இந்த முறை அப்படித் தொடங்கினால் முதல் வரியே பொய்யாகிவிடும். உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. ஆவணியில் கலியாணம், நாள் வைத்தாயிற்று என்று படித்ததும் கடிதத்தைக் கொண்டுபோய்ச் சாமிப் படத்துக்கு முன்னால் வைத்து ஒருமுறை கும்பிட்டுவிட்டுத்தான் மிச்சத்தைப் படித்தேன். மிச்சத்தில்தான் அந்த வரிகள் இருந்தன. அப்பா வரட்டும், வந்து கதிரையில் மரியாதையாக இருக்கட்டும், ஆனால் பெண் வீட்டார் கட்சிக்காரர், அவர்கள் முன்னால் கோடு, வழக்கு, நீதவான், மகாதேசாதிபதி என்று வாய் திறக்கக் கூடாது, அதற்கு நீங்கள்தான் பொறுப்பு அம்மா என்று எழுதியிருக்கிறாய்.

பொறுப்பு எடுக்கிறேன். அப்பா வாய் திறக்க மாட்டார். போன மாதம் வயலுக்குத் தண்ணீர் திருப்பப் போனவர் வாய்க்கால் வரம்பிலே மண்வெட்டியோடு சரிந்துவிட்டார். பக்கத்து வயல்காரர்தான் தோளில் போட்டுக்கொண்டு ஓடிவந்தார். வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சும் போய்விட்டது. பாரிசவாதம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். இரண்டு கிழமை வைத்திருந்துவிட்டு, இனி வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். இப்போது நாட்டு வைத்தியம் செய்கிற பரியாரியார் வந்து எண்ணெய் போட்டு உருவிவிட்டுப் போகிறார். நாங்கள் சொல்வதெல்லாம் அவருக்கு நன்றாக விளங்குகிறது. பதில்தான் வருவதில்லை.

உடனே ஏன் தந்தி அடிக்கவில்லை என்று கோபிப்பாய். பொங்கலுக்கு வந்தவன் வாசல் படலையில் நின்று, "இனி இந்தப் படலை மிதிக்க மாட்டன்" என்று சொல்லிவிட்டுப் போனாய். நான் தந்தி அடித்து, அதற்குப் பிறகும் நீ வராமல் விட்டால், அதை நான் எந்த நெஞ்சில் தாங்குவது? அடிக்காமல் விட்டால், பிள்ளைக்குத் தெரியாது, அதுதான் வரவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ளலாம். இவ்வளவு நாளும் அப்படிச் சொல்லிச் சொல்லித்தான் அவருக்குக் கஞ்சி பருக்கினேன். அப்பா வரட்டும் என்று நீயே எழுதிய பிறகு அப்படிச் சொல்ல முடியவில்லை. அதனால் இதை எழுதுகிறேன். கலியாணம் செய்யப் போகிற பிள்ளைக்குத் தாய் புத்தி சொல்ல வேண்டுமாம். எனக்குப் புத்தியைத் தனியாகச் சொல்லத் தெரியாது, நடந்ததைத்தான் சொல்லத் தெரியும். கொஞ்சம் பொறுமையாகப் படி.

அப்பாவுக்கு நீதவான் பைத்தியம் என்று நீ சிரிப்பாய். உன் மாமா, என் தம்பியும் அப்படித்தான் சிரிப்பான். அது எங்கே தொடங்கியது என்று உனக்குத் தெரியாது. நான் கலியாணமாகி வந்த புதிதில், யாழ்ப்பாணத்தில், அப்பாவின் துண்டுக் காணிக்குப் போகிற ஒழுங்கையை அயலில் இருந்த பெரிய மனிதர் ஒருவர் அடைத்து வேலி போட்டுவிட்டார். ஊருக்குத் தலைமை பார்க்கிற விதானையார் அவருக்குச் சொந்தம். ஊரிலே இருந்த எல்லோரும், பேசாமல் விடு, அவர்களோடு உனக்கு என்ன கதை என்றார்கள். அப்பா விடவில்லை, கோட்டுக்குப் போய் வழக்கு வைத்தார். ஒரு நாள் வழக்கைக் கேட்ட நீதவானே காரில் வந்து இறங்கினார். சப்பாத்தோடு பனங்காணிக்குள் நடந்து வந்து, வேலிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் குனிந்து பழைய வண்டில் தடத்தைப் பார்த்தார். பெரிய மனிதர் இளநீர் வெட்டி வைத்திருந்தார், நீதவான் அதைத் தொடவில்லை. வேலி பிடுங்கப்பட்டது. அன்றைக்குப் பிறகு அப்பாவுக்குக் கோயிலும் கோடும் ஒன்றுதான். எந்தப் பெரியவனையும் "ஏன் இப்படிச் செய்தாய்" என்று கேட்க நாட்டில் ஒரு ஆள் இருக்கிறான் என்ற நம்பிக்கையில்தான் அவர் நிமிர்ந்து நடந்தார்.

காடு வெட்டி இந்தக் குடியேற்றத் திட்டத்தில் காணி கொடுத்தபோது நாங்களும் உன் மாமாவும் பக்கத்துப் பக்கத்துத் துண்டு கேட்டு வாங்கிக்கொண்டு வந்தோம். வந்த வருடமே அவனுடைய பெண்சாதி காய்ச்சலில் போய்விட்டாள். அதன் பிறகு என் தம்பி கட்சியைத்தான் கட்டிக்கொண்டான். உள்ளன்போடு கட்டினான், அதில் நான் குறை சொல்லவில்லை. வேலியிலே ஆள் குனிந்து போகிற அளவுக்கு ஒரு பொட்டு விட்டிருந்தோம். மத்தியான பஸ்ஸில் பேப்பர் வரும். அதை அவன் சங்கக்கடையில் வாங்கி, தானே முதலில் பிரித்துப் படித்துவிட்டு, பின்னேரம் அந்தப் பொட்டால் புகுந்து வருவான். வரும்போதே சண்டை தொடங்கிவிடும்.

"அத்தான், உங்கடை நீதவானுக்குச் சம்பளம் குடுக்கிறது ஆர்? ராணியின்ரை பேரிலை நாட்டை ஆளுற மகாதேசாதிபதி ஒரு தாளிலை கையெழுத்து வைச்சால் அந்தாள் கறுப்புக் கோட்டைக் கழட்டிக் கொளுவிப்போட்டு வீட்டை போகவேண்டியதுதான். சனம் எழும்பி நிண்டால்தான் கேப்பாங்கள்."

"சனம் இண்டைக்கு எழும்பும், நாளைக்குப் படுக்கும். கையெழுத்து வைக்கிற ஆளைக் கேள்வி கேக்க ஒருத்தன் நிரந்தரமா இருக்கவேணும் மச்சான். அவன் உன்ரை கட்சியாவும் இருக்கக் கூடாது, என்ரை கட்சியாவும் இருக்கக் கூடாது."

"அப்பிடி ஒரு மனுசன் எந்த ஊரிலை அத்தான் பிறந்திருக்கிறான்? எனக்கும் ஒருக்காக் காட்டுங்கோ."

தேத்தண்ணீர் ஆறிப்போகும். நான் குசினியில் இருந்து, "ரெண்டு பேருக்கும் விசர்" என்று கத்துவேன். நீ நடுவில் இருந்து இருவர் வாயையும் மாறி மாறிப் பார்ப்பாய். அப்பா பக்கம் ஞாயம் இருக்கிறது என்று ஒரு நாளும், மாமா பக்கம் இருக்கிறது என்று மறுநாளும் சொல்வாய். போகும்போது உன் மாமா அப்பாவின் வெற்றிலைத் தட்டத்தில் இருந்து ஒரு பாக்கை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, "நாளைக்கு மிச்சம்" என்று சொல்லிவிட்டுத்தான் போவான்.

பிறகு தமிழுக்கு உரிமை கேட்டு அரசாங்கக் கச்சேரி வாசலில் சனம் போய்க் குந்தியிருந்த நாட்கள் வந்தன. உன் மாமா பாயும் செம்பும் எடுத்துக்கொண்டு போனான். "றோட்டிலை குந்தி இருந்தால் சட்டம் மாறுமோ? கோட்டுக்குப் போங்கோ" என்று அப்பா ஏசினார். ஏசிவிட்டு, அவனுடைய மாட்டுக்கு வைக்கோல் போடப் போனார். அவசரகாலச் சட்டம் வந்தது. ஆமிக்காரர் வந்து வாசலைத் துப்புரவாக்கினார்கள். பலரைக் கலைத்துவிட்டார்கள், சிலரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். பிடித்தவர்களில் உன் மாமாவும் ஒருவன். அப்போது நீ பரீட்சைக்காக யாழ்ப்பாணத்தில் விடுதியில் இருந்தாய். அடுத்து நடந்தது உனக்குத் தெரியாது. உன் மாமாவுக்கும் கடைசி வரைக்கும் தெரியாது.

அப்பா கலியாண வேட்டியைக் கட்டிக்கொண்டு, வழக்குப் பேசுகிற பிறக்கிராசியரிடம் போனார். அந்த மனிதர் நல்லவர், உள்ளதைச் சொன்னார். "இது அவசரகாலக் கட்டளை. இதைக் கோட்டிலை கேக்க ஏலாது எண்டு கட்டளையிலையே எழுதிக் கிடக்கு அண்ணை." அப்பா, "அப்ப கோட்டை என்னத்துக்குத் திறந்து வைச்சிருக்கினம்?" என்று கேட்டுவிட்டு நேரே கோட்டுக்குள் போய் இருந்துவிட்டார். வழக்குகள் எல்லாம் முடிந்து நீதவான் எழும்பப் போகிற நேரம் இவர் எழும்பி நின்றாராம். பொலிஸ்காரன் பிடித்து இழுக்க, விடு, என்னவென்று கேட்போம் என்று நீதவான் கையைக் காட்டியிருக்கிறார். "ஐயா, என்ரை மச்சானை விடச் சொல்லிக் கேக்கேல்லை. என்ன குற்றத்துக்குப் பிடிச்சவை எண்டு ஒருக்காக் கேளுங்கோ. கேட்டால் எனக்கு அதுவே காணும்" என்று சொல்லியிருக்கிறார். கோட்டில் மொழிபெயர்க்கிற முதலியார் அதை இங்கிலீசில் சொன்னார். நீதவான் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாராம். பிறகு ஏதோ மெதுவாகச் சொன்னார். அதைக் கேட்கிற அதிகாரம் தனக்கு இல்லை என்று ஐயா சொல்கிறார் என்று முதலியார் தமிழில் சொன்னார்.

அப்பா வீட்டுக்கு வந்து சால்வையை மடித்து வைத்துவிட்டு இதை என்னிடம் மட்டும் சொன்னார். மாமாவுக்கும் சொல்ல வேண்டாம், உனக்கும் சொல்ல வேண்டாம் என்றார். ஏன் என்று கேட்டேன். "அந்த மனுசன் வெக்கப்பட்டதை நான் பாத்திட்டன். அதை இவங்களுக்குப் பகிடியாக் குடுக்க மாட்டன்" என்றார். தனக்கு வந்த அவமானத்தை விட, நீதவானுக்கு வந்த அவமானம்தான் அவரைச் சுட்டது. அப்படி ஒரு மனிதர் உன் அப்பா. எனக்கு அன்றைக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

பல மாதம் கழித்து உன் மாமாவை விட்டார்கள். மெலிந்து, இருமிக்கொண்டு வந்தான். வந்த அன்று பின்னேரமே பொட்டால் புகுந்து வந்தான். ஆட்கள் கூடியிருந்தார்கள். "எங்கை அத்தான் உங்கடை நீதவான்? ஒருத்தரும் வந்து என்னெண்டு எட்டிப் பாக்கேல்லையே!" என்றான். அவன் பழைய பகிடியைத்தான் திரும்பத் தொடங்கினான் மகனே, வேறு நினைப்பு அவனுக்கு இல்லை. எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவின் முகம் செத்துப்போய்விட்டது. பதில் சொல்ல வாயெடுத்தார், சொன்னால் கோட்டுக்குப் போன கதையைச் சொல்ல வேண்டும். அதனால் வாயை மூடிக்கொண்டார். அந்த இடத்தில் நான் நடுவில் புகுந்தேன். "இனி என்ரை வளவுக்குள்ளை கோடு, கட்சி, மகாதேசாதிபதி எண்டு ஒரு கதையும் வேண்டாம். கதைக்கிறதெண்டால் வேறை கதையுங்கோ. இல்லாட்டில் வாயைப் பொத்திக்கொண்டு இருங்கோ" என்று ஆணையிட்டேன். நீ இப்போது எழுதியிருக்கிறாயே, அதே நிபந்தனைதான். என்னுடைய பிள்ளை அல்லவா நீ.

இரண்டு பேரும் எனக்குக் கட்டுப்பட்டார்கள். அதுதான் கொடுமை. அடுத்த நாள் பின்னேரம் உன் மாமா வந்தான், இருந்தான். மழை வரும் போலக் கிடக்கு என்றான். ஓம் என்றார் அப்பா. நெல்லுக்குப் பூச்சி விழுந்திட்டுது என்றார் அப்பா. ஓம் அத்தான் என்றான் அவன். அதற்கு மேல் இருவருக்கும் கதைக்க ஒன்றும் இருக்கவில்லை. தேத்தண்ணீரைச் சூடாகவே குடித்துவிட்டுப் போய்விட்டான். நான் மடைச்சி, வீட்டில் சமாதானம் வந்துவிட்டது என்று நினைத்தேன். ஒன்றைவிட்டு ஒரு நாள் வந்தான், பிறகு கிழமைக்கு ஒருமுறை, பிறகு ஏதாவது இரவல் கேட்க மட்டும். பொட்டை யாரும் அடைக்கவில்லை. ஆள் போக்குவரத்து இல்லாததால் இரண்டு பக்கத்து வேலிக் கதியாலும் தழைத்துத் தானாக மூடிக்கொண்டது. அவர்கள் பகை கொண்டார்கள் என்று ஊர் சொன்னது, நீயும் அப்படித்தான் நம்புகிறாய். பகை இல்லை. எனக்குப் பயந்து பேசாமல் இருந்து, பேசாமல் இருந்தே ஒருவரை ஒருவர் இழந்துவிட்டார்கள்.

அந்த இருமல்தான் உன் மாமாவைக் கொண்டுபோனது. அவனுக்குப் பிள்ளை இல்லாததால் நீ கொழும்பில் இருந்து வந்து கொள்ளி வைத்தாய். அப்பா ஒரு சொல்லும் பேசாமல், ஒரு சொட்டுக் கண்ணீரும் விடாமல் நின்றார். அதையும் நீ மனதில் எழுதி வைத்திருக்கிறாய். எட்டுச் செலவு அன்று, செத்தவனுக்குப் பிடித்ததையெல்லாம் வைத்துப் படைக்கும்போது, நான் கணவாய்க் கறியும் புட்டும் வைத்தேன், நீ சுருட்டு வைத்தாய். அப்பா கடைசியாக வந்து இலைக்குப் பக்கத்தில் அன்றைய பேப்பரை வைத்தார். உன் முகம் கறுத்ததை நான் கண்டேன். செத்த பிறகும் என் மாமாவை நக்கலடிக்கிறார் என்று நினைத்தாய். அன்றைக்குப் படையல் ஏன் அவ்வளவு பிந்தியது, சொந்தக்காரர் ஏன் பசியில் முணுமுணுத்தார்கள் என்று நினைத்துப் பார். பஸ் வருகிற வரைக்கும் அப்பா வெயிலில் றோட்டில் நின்றார். அந்தப் பேப்பர் மடிப்புக் கலையாமல் இருந்தது. அவர் அதைப் பிரிக்கவில்லை. முதலில் பிரிக்கிறது அவன்தானே.

இது எதுவும் தெரியாமல்தான் நீ பொங்கலன்று பேசினாய். ஆட்சி மாறிவிட்டது, இப்போது உன் மாமாவின் கட்சி அரசாங்கத்துக்குப் பக்கத்தில் போய் இருக்கிறது. அவசரகாலச் சட்டம் மட்டும் மாறவில்லை. யாரோ ஒருவனை விசாரணை இல்லாமல் பிடித்து வைத்திருக்கிறார்கள், அவனுக்காக யாரோ கோட்டுக்குப் போயிருக்கிறார்கள் என்று பேப்பரில் இருந்தது. நீ, "நீதவான்மாரை ஆர் வோட்டுப் போட்டுத் தெரிஞ்சது? அரசாங்கத்தை நடத்த விடாமல் இவை ஆர் குறுக்கை நிக்க?" என்றாய். அப்பா, "உன்ரை மாமனை அள்ளிக்கொண்டு போனதும் இதே கையெழுத்துத்தான் தம்பி. அண்டைக்குக் கூடாது, இண்டைக்கு நல்லதோ?" என்று கேட்டார். நல்ல கேள்வி மகனே. நீ அதற்குப் பதில் சொல்லியிருக்கலாம். பதில் இல்லாவிட்டால் இல்லை என்றிருக்கலாம். நீ, "மாமாவின்ரை பேரை எடுக்க உங்களுக்கு வாயில்லை. அவரைக் கைவிட்ட ஆள் நீங்கள். எட்டிலை பேப்பர் வைச்சு நக்கலடிச்ச ஆள் நீங்கள்" என்று சொல்லிவிட்டுப் பொங்கலைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பிவிட்டாய். அவர் அப்போதும் கோட்டுக்குப் போன கதையைச் சொல்லவில்லை. உன் பொங்கலை எடுத்து மூடி வைக்கச் சொன்னார். பஸ் பிந்தினால் திரும்பி வருவான் என்றார்.

உன் கடிதத்தில் ஒரு நல்ல செய்தியும் இருந்தது, பெண் படித்தவள், வாய்க்காரி என்று எழுதியிருந்தாய். சந்தோசம். அவள் உன்னோடு எதிர்த்துக் கதைத்தால் கதைக்க விடு. வீட்டில் சத்தம் இல்லை என்பதற்காகச் சந்தோசப்படாதே. வாயைப் பொத்து என்று மட்டும் ஒரு நாளும் சொல்லாதே, அவளும் என் தம்பியைப் போலச் சொல்லுக் கேட்கிறவளாக இருந்துவிட்டால் நீ என்ன செய்வாய்? என்னிடம் இருந்து உனக்குக் கிடைக்கிற ஒரே புத்தி இதுதான்.

இனி அப்பாவைப் பற்றிச் சொல்கிறேன். சுகம் விசாரிக்க எல்லோரும் வருகிறார்கள். முன்பு அவரோடு தொண்டை கிழியக் கத்தினவர்கள் எல்லாம் இப்போது கட்டிலில் குனிந்து, "ஓம் அண்ணை, நீங்கள் சொன்னதுதான் சரி, நீதவான் இல்லாட்டில் நாடு இல்லை" என்று குழந்தைக்குச் சொல்வது போலச் சொல்கிறார்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிடுகிறார். கஞ்சி வாங்குவதும் குறைந்துவிட்டது. பரியாரியார் நாடியைப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் போகிறார்.

உன் கடிதம் வந்த அடுத்த நாள் எனக்கு ஒரு ஆத்திரம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. பேப்பரை எடுத்துக்கொண்டு போய்க் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தேன். எனக்கு அரசியல் தெரியாது, உனக்குத் தெரியும். இருந்தாலும் உன் மாமா சொல்வதைப் போல உரத்துச் சொன்னேன்: "மகாதேசாதிபதி செய்தது சரிதான். நீதவான்மாருக்கு இதுக்குள்ளை என்ன வேலை?"

அவர் திரும்பினார். மகனே, அவர் திரும்பிப் பார்த்தார். நல்ல கையால் கட்டில் சட்டத்தில் ஓங்கி ஒரு அடி அடித்தார். வாய் ஒரு பக்கம் கோணி ஏதோ சத்தம் வந்தது. கண்ணில் அந்தப் பழைய கோபம். என்னுடைய அப்பனே, அந்தக் கோபத்தைக் கண்டு எனக்கு ஏற்பட்ட சந்தோசத்தை நான் எப்படி எழுதுவேன். அழுதுகொண்டே இன்னொருமுறை சொன்னேன், இன்னொருமுறை அடித்தார். பிறகு, சரி, மேலே சொல் என்பது போல என்னையே பார்த்துக்கொண்டு கிடந்தார். எனக்கு அடுத்த ஞாயம் தெரியவில்லை. இவ்வளவு காலம் குசினியில் நின்று கேட்டும் ஒன்று கூட நினைவில் இல்லை. கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, அவர் பழையபடி சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டார்.

உனக்கு அடுத்தது தெரியும். அதற்கு அடுத்ததும் தெரியும். கலியாணத்துக்கு முன்னம் ஒருமுறை வா. வந்து மன்னிப்புக் கேட்காதே, அழாதே, நீங்கள் சொன்னதுதான் சரி அப்பா என்று நீயும் சொல்லிவிடாதே. கதிரையை இழுத்துப் போட்டு இருந்துகொண்டு, "அப்பா, நீங்கள் பிழை" என்று தொடங்கு. அவர் கட்டிலில் அடிப்பார். அடிக்கட்டும், நீ விடாமல் கதை.

உன் வரவைப் பார்த்திருக்கும்
அம்மா